குறை மாணவர் மனத்திலா?

“இணையவழி வகுப்பை ஏற்க மாணவர் ஏன் தயங்குகின்றனர்?” — பல்கலைக்கழக மண்டபங்களிலே இன்று அடிக்கடி ஒலிக்கும் கேள்வி இது. கேள்வி எழுந்ததும் ஆய்வு பிறக்கிறது. ஆய்வு பிறந்ததும் அட்டவணை பிறக்கிறது. அட்டவணையின் அடியிலே தீர்ப்பும் பிறந்துவிடுகிறது. “மாணவருக்கு ஆர்வம் குறைவு, தன்னம்பிக்கை குறைவு, புதுமையை வரவேற்கும் மனப்பான்மை குறைவு” என்பது அந்தத் தீர்ப்பு. குற்றவாளிக் கூண்டிலே மாணவன் நிற்கிறான். பதில் சொல்ல வேண்டியவர்களோ நீதிபதி நாற்காலியிலே அமர்ந்து அவனுக்குப் புள்ளி போடுகிறார்கள்!

நாம் கேட்கிறோம்: மனப்பான்மை என்பது என்ன? மண்டையோட்டிலே பிரமன் எழுதி அனுப்பிய எழுத்தா? ஏழை ஏன் ஏழையாயிருக்கிறான் என்று கேட்டபோது, “முற்பிறவியின் வினை” என்றார்கள் பழைய காலத்துப் பண்டிதர்கள். அவன் பிள்ளை ஏன் பின்தங்குகிறான் என்று கேட்கும்போது, “மனப்பான்மை சரியில்லை” என்கிறார்கள் புதிய காலத்துப் பண்டிதர்கள். சொல் மாறியிருக்கிறது, சூது மாறவில்லை. அன்றும் பழி பட்டவன் தலையிலே. இன்றும் பழி பட்டவன் தலையிலே.

அறிஞர்களின் அளவுகோலை நாம் இகழவில்லை. அது எங்கே செய்யப்பட்டது, யாரை அளக்கச் செய்யப்பட்டது என்று பார்ப்பது பகுத்தறிவாளர் கடமை. அதை மட்டுமே செய்கிறோம். 1989-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் பிரெட் டேவிஸ் ஒரு கருத்தை வெளியிட்டார். ஒரு புதிய கருவியை மனிதர் ஏற்பது இரண்டு எண்ணங்களைப் பொறுத்தது என்றார்: இதனால் பயன் உண்டு என்ற எண்ணம் ஒன்று, இதைக் கையாள்வது எளிது என்ற எண்ணம் மற்றொன்று. நல்ல கருத்து, தெளிவான கருத்து! ஆனால் அவர் யாரைக் கேட்டார்? கனடாவிலே ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் கணினியைப் பயன்படுத்தி வந்த 112 பேரைக் கேட்டார். மேலாண்மைப் பட்டம் பயின்ற 40 மாணவரைக் கேட்டார். அவர்களுக்குக் கருவி கைக்கெட்டிய தொலைவிலே இருந்தது. கம்பியிலே மின்சாரம் ஓடிற்று. ஆங்கிலம் அவர்கள் புழங்கிய மொழியாயிருந்தது. மற்றெல்லாம் இருந்த இடத்திலே மிச்சமிருந்த கேள்வி மனம் ஒன்றுதான். ஆகவே மனத்தை அளந்தார், சரியாகவே அளந்தார்.

2003-ஆம் ஆண்டில் வெங்கடேஷும் அவருடைய துணை ஆய்வாளர் மூவரும் அக்கருத்தை விரிவாக்கினர். பயன் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு, எவ்வளவு முயற்சி தேவை என்ற கணக்கு, சுற்றியிருப்போரின் செல்வாக்கு, துணை நிற்கும் வசதி என்று நான்கு தூண்களை நாட்டினர். இந்த நான்கிலே நான்காவதை ஊன்றிப் பாருங்கள், தோழர்களே! முதல் மூன்றும் மாணவனின் விருப்பத்தை உருவாக்குபவை. நான்காவதான வசதியோ, விருப்பத்தைத் தாண்டி நேரே செயலைத் தொடுவது என்று அவர்களே வகுத்தனர். பொருள் என்ன? விருப்பம் மலையளவு இருந்தாலும் வசதி இல்லையேல் செயல் இல்லை என்பதே பொருள். இது நம் மேடைப் பேச்சன்று. மேலைநாட்டு ஆய்வாளரின் சொந்தக் கோட்பாடு.

அந்தக் கோட்பாட்டை இங்கே இறக்குமதி செய்தவர்கள் என்ன செய்கிறார்கள்? முதல் மூன்றுக்கு விரிவான வினாக்கள், நான்காவதற்கு, “உங்களிடம் தேவையான வசதிகள் உள்ளனவா?” என்று ஒப்புக்கு ஓரிரு வரிகள்! அந்த வினாத்தாளை மாணவருக்கு அனுப்புவது எப்படி? இணையத்தின் வழியாக! 2020-க்குப்பின் வெளிவந்த இத்தகைய ஆய்வுகள் பலவற்றிலே நடந்தது இதுதான். ஆற்றைக் கடந்து அக்கரை சேர்ந்தவர்களை மட்டும் கூட்டி நிறுத்தி, “ஓடம் கிடைத்ததா?” என்று கேட்கிறார்கள். “கிடைத்தது” என்று அவர்கள் சொன்னதும், “ஓடத்துக்குக் குறைவில்லை, இக்கரையில் நிற்பவனுக்குத் துணிவுதான் இல்லை” என்று எழுதிக்கொள்கிறார்கள். இணையம் இல்லாதவனின் ஏடு அந்தக் கட்டிலே சேரவே இல்லை. சேராதவனைப் பற்றித் தீர்ப்பு மட்டும் சேர்ந்துவிடுகிறது! இதற்குப் பெயர் ஆராய்ச்சியா? கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருட்டு என்ற பூனையின் கதை அல்லவா இது!

* * *

நடந்ததை வரிசையாக நினைவுபடுத்துவோம். 2020 மார்ச் 17 முதல் தமிழ்நாட்டில் கல்லூரிகள் மூடப்பட்டன. மார்ச் 24 நள்ளிரவு முதல் இந்தியா முழுவதும் ஊரடங்கு. நோய்க்கு அஞ்சி மூடியது சரி. அதிலே நமக்கு மாறுபாடில்லை. பின்னர் வகுப்பு இணையத்துக்கு ஏறியது. நாள் பார்த்து, பாடம் வகுத்து, ஆசிரியரைப் பயிற்றி ஏற்றிய வகுப்பன்று. வெள்ளம் வந்தபோது மரத்திலே ஏறியவனைப் போல ஏறிய வகுப்பு. அவசரக் கற்பித்தல் வேறு, திட்டமிட்ட இணையவழிக் கல்வி வேறு என்று அமெரிக்கக் கல்வியாளர் சிலர் அந்த மார்ச்சு மாதத்திலேயே எழுதி எச்சரித்தனர். இங்கே அந்த வேறுபாட்டைக் கேட்பாரில்லை. மரக்கிளையிலே தூங்க முடியவில்லை என்றவனைப் பார்த்து, “உனக்குக் கட்டிலே பிடிக்காது போலும்” என்றார்கள்!

அன்று வீடுகளின் நிலை என்ன? இந்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வு, 75-ஆம் சுற்று, 2017–18-ஆம் ஆண்டுக்கான கணக்கைத் தருகிறது. நூறு வீடுகளிலே கணினி இருந்தவை ஏறத்தாழ 11. நகரத்திலே 23, நாட்டுப்புறத்திலே நான்கு தாண்டிற்று, ஐந்தைத் தொடவில்லை. இணைய வசதி கொண்ட வீடுகள் நூற்றுக்கு 24. நகரத்திலே 42, நாட்டுப்புறத்திலே 15. இந்த நாட்டிலே நின்றுகொண்டுதான், “எல்லோரும் இணையத்துக்கு வாருங்கள்” என்று முரசறைந்தார்கள். வரமுடியாதவனை வரமறுத்தவன் என்று எழுதினார்கள்.

“அது பழைய கணக்கு, இன்று கைப்பேசி இல்லாத வீடு ஏது?” என்று கேட்பார்கள். கேட்கட்டும். கைப்பேசி பெருகியிருப்பது உண்மை. ஆனால் அது யாருடைய கைப்பேசி? காலையிலே தந்தையோடு வேலைக்குப் போவது அது. மாலையிலே அவரோடு திரும்புவது அது. அண்ணனுக்குக் கல்லூரி வகுப்பு, தங்கைக்குப் பள்ளி வகுப்பு, இருவருக்கும் நேரம் காலை பத்து மணி, வீட்டிலோ கருவி ஒன்று என்றால், அந்த வீட்டிலே நடப்பது கல்வியா, சீட்டுக் குலுக்கலா? உள்ளங்கை அகலத் திரையிலே பொறியியல் வரைபடத்தை எப்படிப் படிப்பது? நீண்ட கட்டுரையை எப்படி எழுதுவது? கருவி உண்டு என்பது வேறு. கற்பதற்குரிய கருவி தனக்கென உண்டு என்பது வேறு.

அரசாங்கம் இதை அறியாமல் இல்லை. 2021 சனவரியிலே தமிழ்நாடு அரசு ஓர் அறிவிப்புச் செய்தது. அரசு கல்லூரிகளிலும் உதவிபெறும் கல்லூரிகளிலும் பயிலும் 9,69,047 மாணவர்க்கு, அவ்வாண்டு சனவரி முதல் ஏப்ரல் வரை, நாள்தோறும் 2 ஜி.பி. டேட்டா இலவசம் என்றது. அதை நாம் வரவேற்கிறோம். வரவேற்றுவிட்டு ஒன்று கேட்கிறோம்: குறை மனத்திலே இருந்தால், மருந்தாக டேட்டா அட்டையை யாராவது கொடுப்பார்களா? ஏறக்குறைய பத்து இலட்சம் பேருக்குக் கொடுத்தார்களே, அந்தச் செயலே சாட்சியன்றோ குறை பையிலே இருந்தது என்பதற்கு! அதற்கு முன்பும், 2011 முதல் இங்கே மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கப்பட்டது. 2025 மார்ச்சிலே வெளியான நிதிநிலை அறிக்கையும் 20 இலட்சம் கல்லூரி மாணவர்க்குக் கணினி அல்லது கைக்கணினி தரப்படும் என்று அறிவித்தது. கட்சிகள் மாறின, ஆட்சிகள் மாறின, உண்மை மட்டும் மாறவில்லை: கொடுத்தாலன்றிப் பெறமுடியாதவர் இலட்சக்கணக்கில் உள்ளனர்.

காசுமீரத்தைப் பாருங்கள். 2019 ஆகஸ்டு 5-இல் அங்கே இணையம் அறுக்கப்பட்டது. பின்னர் நத்தை வேகத்தில் 2ஜி மட்டும் விடப்பட்டது. 4ஜி திரும்பக் கிடைத்தது 2021 பிப்ரவரி 5-இல். பதினெட்டு மாதம்! நாடெங்கும் வகுப்பு இணையத்திலே நடந்த காலத்தின் பெரும்பகுதியிலே அந்த மாணவர் 2ஜி-யோடு போராடினர். அவர்களிடம் போய், “இணையவழி வகுப்பைக் கையாள்வது எளிது என்று நினைக்கிறீர்களா? ஒன்றிலிருந்து ஐந்துவரை புள்ளியிடுக” என்று கேட்டால், அவர்கள் இடும் புள்ளி யாருக்கு உரியது? மாணவருக்கா, இணையத்தை அறுத்த கைக்கா?

* * *

இனி, வசதியைப் பற்றிப் பேசுவோர்கூட வாய் திறக்காத ஒன்றைப் பேசுவோம். ஒரே வீடு, ஒரே வருமானம், ஒரே கைப்பேசி. மகனுக்கும் மகளுக்கும் ஒரே வாய்ப்புத்தானா? 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள். 15 முதல் 49 வயதுக்குட்பட்டவருள் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய ஆண்கள் நூற்றுக்கு 57. பெண்கள் நூற்றுக்கு 33. ஏன் இந்தப் பள்ளம்? பெண்ணுக்கு ஆர்வமில்லையா? அல்ல. அவள் கையிலே கைப்பேசி இருந்தால், “யாரோடு பேசுகிறாய்?” என்பது கேள்வி. அண்ணன் கையிலே இருந்தால், “பிள்ளை படிக்கிறான்” என்பது பெருமிதம்!

கல்லூரிக்குப் போனபோது பெண்ணுக்கு ஐந்தாறு மணி நேரம் விடுதலை. அங்கே அவள் மாணவி. வகுப்பு வீட்டுக்கு வந்தபோது அவள் மகள், அக்காள், அண்ணி, அடுப்புக்கு உடைமை. பேராசிரியர் பொருளாதாரம் பேசிக்கொண்டிருக்கையிலே, “அரிசியைக் களைந்து வை” என்ற குரல் அடுக்களையிலிருந்து வரும். கேமராவைத் திறக்க அவள் தயங்கினால், “பங்கேற்பு குறைவு” என்று ஏட்டிலே பதிவாகும். அவளுக்குப் பின்னே தெரிவது ஒழுகும் கூரை என்பதும், ஒரே அறையிலே நோயாளிப் பாட்டி படுத்திருக்கிறாள் என்பதும் எந்த ஏட்டிலே பதிவாகும்?

கேரளத்திலே ஒரு கல்லூரி விடுதி. மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பெண்கள் கைப்பேசியைத் தொடலாகாது என்று விதி. ஒரு மாணவி எதிர்த்தார், விடுதியினின்று நீக்கினர். அவர் உயர்நீதிமன்றம் சென்றார். 2019 செப்டம்பரிலே நீதிமன்றம் தீர்ப்பளித்தது: இணையத்தை அடையும் உரிமை, கல்வி உரிமையிலும் தனிமை உரிமையிலும் அடங்கியது என்று! வேடிக்கையைக் கவனியுங்கள். அந்தத் தீர்ப்பு வந்து ஆறே மாதத்தில், எந்தக் கருவி பெண்ணைக் கெடுக்கும் என்றார்களோ அந்தக் கருவியின்றிக் கல்வியே இல்லை என்ற நிலை வந்தது. நேற்றுவரை பறித்தவர்கள், இன்று “நீ ஏன் பழகிக்கொள்ளவில்லை?” என்று கேட்கிறார்கள்!

மொழிக்கு வருவோம். இந்திய அரசின் சுவயம் தளம் 2017 சூலையிலே தொடங்கப்பட்டது. ஆயிரக்கணக்கான பாடங்கள்; பெரும்பாலானவை ஆங்கிலத்திலே. தமிழ்வழி படித்து முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய மாணவன் வகுப்பறையிலே என்ன செய்வான்? புரியாத சொல்லுக்குப் பக்கத்துத் தோழனைப் பார்ப்பான். அவன் முகத்தைப் பார்த்த ஆசிரியர் அதே கருத்தைத் தமிழிலே இன்னொருமுறை சொல்வார். திரையிலே பக்கத்துத் தோழன் இல்லை. முகம் பார்க்கும் ஆசிரியரும் இல்லை. குரல் மட்டும் ஓடிக்கொண்டேயிருக்கிறது. “கையாள எளிதா?” என்ற கேள்விக்கு அவன் “இல்லை” என்று விடையளித்தால், அவன் பொத்தானைச் சொல்லவில்லை, மொழியைச் சொல்கிறான்.

பயனைப் பற்றியும் கேட்கிறார்களே! குடுவையைத் தொடாமல் வேதியியல் கற்றவன், கடைசல் எந்திரத்தின் அருகே நிற்காமல் எந்திரவியல் கற்றவன், பயனில்லை என்று சொன்னால் அது அறியாமையா, அறிவா? படத்தகடுகளைத் திரையிலே ஒட்டிவைத்து அப்படியே வாசித்த ஆசிரியரிடம், “இதை நானே வாசித்துக்கொள்வேனே” என்று மாணவன் நினைத்தால், அது சோம்பலா, தெளிவா? ஆசிரியர்மீதும் முழுப் பழி போட நாம் ஒப்பவில்லை. பயிற்சி தராமல், கருவி தராமல், ஓரிரவிலே அவரை நடிகராகவும் தொழில்நுட்பராகவும் மாறச் சொன்னவர் யார் என்பதையும் சேர்த்தே கேட்கிறோம்.

* * *

“அப்படியானால் நீங்கள் கருவிக்குப் பகைவரா?” என்று கேட்போர்க்கு நம் விடை: அல்ல, அல்ல! கருவியை வெறுப்பது பழமைவாதம். கருவியைக் கும்பிடுவது அதைவிடப் பெரிய பழமைவாதம். ஆயுத பூசையன்று எந்திரத்துக்குப் பொட்டு வைப்பவனுக்கும், இணையம் வந்தால் எல்லாம் சமமாகிவிடும் என்று நம்புகிறவனுக்கும் வேறுபாடு பொட்டு ஒன்றுதான்.

இணையவழிக் கல்வியால் பயன் பெற்றோர் உண்டு. பகலெல்லாம் கடையிலே நின்று இரவிலே பாடம் கேட்கும் இளைஞன் உண்டு. மாடிப்படி ஏறவியலாத மாற்றுத்திறனாளி உண்டு. கைக்குழந்தையோடு பட்டம் முடிக்கும் தாய் உண்டு. ஒருமுறை கேட்டுப் புரியாததை மும்முறை கேட்டுப் புரிந்துகொண்டவர் உண்டு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாக, 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் கண்ட நாடு இது. இன்றும் அது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் இயங்குகிறது. உலகின் எந்த மூலையிலிருந்தாலும் தமிழ் படிக்கலாம் என்று வாயில் திறந்தவர்கள், கருவியைக் கண்டு நடுங்குவார்களா? வாயிலைத் திறப்பது வேறு. இருக்கும் வாயிலை மூடிவிட்டு, சுவரிலே ஒரு துளையைக் காட்டி “இதுவே வாயில்” என்பது வேறு.

கருவி வழிபாட்டின் கதை நீண்டது. திரைப்படம் வந்துவிட்டது, பள்ளியிலே இனிப் புத்தகத்துக்கு வேலையில்லை என்று 1913-இல் எடிசன் சொன்னார். மாமேதைதான், ஆனால் புத்தகம் போகவில்லை. 2012-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மாபெரும் இணையப் பாடங்கள் வந்தன. ஏழை நாடெல்லாம் இனி எழுந்துவிடும் என்றார்கள். 2013-இல் கலிபோர்னியாவின் சான் ஓசே அரசுப் பல்கலைக்கழகம் அத்தகைய பாடத்தைத் தன் மாணவர்க்கு வைத்தது. தேறியோர் தொகை கண்டு திடுக்கிட்டு அதே ஆண்டு நிறுத்திவைத்தது. ஆர்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய பாடங்களை ஆராய்ந்த கட்டுரையொன்று 2019-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது. 2017–18-இல் சேர்ந்தவர்களிலே முடித்தவர் நூற்றுக்கு மூவர் அளவே! சேர்ந்தவரிலும் பெரும்பாலோர் வளமிக்க நாட்டினர். உலகின் தலைசிறந்த ஆசிரியர்கள், உயர்ந்த கருவிகள், செலவோ இலவசம். இருந்தும் நூற்றுக்கு மூவர்! மற்ற 97 பேருக்கும் மனப்பான்மைக் கோளாறா?

இத்தனையும் தெரிந்திருந்தும் ஏன் விரட்டுகிறார்கள்? 2021 மே மாதத்திலே பல்கலைக்கழக மானியக்குழு ஒரு வரைவை வெளியிட்டது: எந்தப் பாடத்திலும் நூற்றுக்கு 40 பங்கு வரை இணையத்திலே நடத்தலாம் என்றது. அதே ஆண்டின் விதிமுறை, ஒரு பருவத்துப் பாடங்களிலே நூற்றுக்கு 40 வரை சுவயம் வழியே பெறலாம் என்றது. “லாம்” என்ற சொல்லைக் கேட்டு ஏமாறாதீர்கள், தோழர்களே! இன்று “நடத்தலாம்” என்பது, நாளை நிதி கேட்கும்போது “நடத்திக்கொள்ளலாமே” என்று மாறும். ஆசிரியர் பணியிடம் காலியா? இணையம் உண்டே! விடுதி இடிந்ததா? இணையம் உண்டே! ஆய்வுக்கூடம் வேண்டுமா? இணையம் உண்டே! பணக்காரன் பிள்ளைக்குப் பசும்புல் வெளியும் பேராசிரியரும். பாட்டாளி பிள்ளைக்குப் படமும் ஒலியும்!

இந்நாட்டுக்கு இது புதிதன்று. 1953-இல் சென்னை இராச்சியத்திலே, பள்ளி நேரத்தை மூன்று மணியாகச் சுருக்கி, மீதி நேரத்தை வீட்டுத் தொழிலிலே கழிக்கச் சொன்ன திட்டம் வந்தது. அன்றும் பேசியவர்கள் நயமாகத்தான் பேசினார்கள்: எல்லோருக்கும் இடம் கிடைக்கும், செலவு குறையும் என்றார்கள். பிள்ளையை வகுப்பறையிலிருந்து வீட்டுக்கு அனுப்பினால் அவன் சேருமிடம் படிப்பன்று, பரம்பரைத் தொழில் என்று கண்ட மக்கள் எதிர்த்தார்கள். 1954-இல் திட்டம் வீழ்ந்தது. இன்றைய திட்டத்தின் நோக்கம் அதுவே என்று நாம் சொல்லவில்லை. வீடு சமமாக இல்லாத நாட்டிலே, கல்வியை வீட்டுக்கு அனுப்பினால் விளைவு என்ன என்பதற்கு அது பாடம் என்கிறோம். வகுப்பறை என்பது நான்கு சுவர் மட்டுமா? சேரிப் பிள்ளையும் மாடி வீட்டுப் பிள்ளையும் ஒரே பலகையிலே உட்கார்ந்த இடம் அது. அந்தப் பலகைக்காக எத்தனை போராட்டம்!

2021–22 உயர்கல்விக் கணக்கிலே, கல்லூரி வயதினரில் நூற்றுக்கு 47 பேர் சேர்ந்த நாடு தமிழ்நாடு; இந்தியாவின் சராசரி 28. இது மனப்பான்மை வகுப்பு நடத்தி வந்த உயர்வன்று. கல்லூரி திறந்தோம், விடுதி கட்டினோம், கட்டணம் குறைத்தோம், இடஒதுக்கீடு கண்டோம். 2022 முதல் அரசுப்பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுத்தோம். வழி அமைத்தோம், வந்தார்கள். மனம் மாறியதால் வழி பிறக்கவில்லை. வழி பிறந்ததால் மனம் மலர்ந்தது!

* * *

ஆகவே இளைஞர்களுக்கு நாம் சொல்வது இது. உங்களிடம் வினாத்தாள் வரும்போது ஓடாதீர்கள், விடை எழுதுங்கள். எழுதிவிட்டு, விடை கேட்டவரிடம் நீங்களும் ஐந்து வினா கேளுங்கள்.

கருவியும் இணைப்பும் இல்லாத மாணவரிடம் இந்தத் தாளைக் கையிலே கொண்டுபோய்க் கொடுத்தீரா? பாடம் தமிழிலும் கிடைக்கச் செய்தீரா? வீட்டிலே இடமில்லாதவருக்கு ஊர் நூலகத்திலே ஒரு மேசையும் விளக்கும் இணைப்பும் இரவிலும் திறந்திருக்கிறதா? காலிப் பணியிடத்தை நிரப்பிய பின்னரே இணையத்தைத் துணைக்கு அழைக்கிறீரா? வேண்டாம் என்று சொல்லும் உரிமை மாணவனுக்கு உண்டா?

ஐந்துக்கும் “ஆம்” என்று விடை வரட்டும். வந்த பிறகு, மாணவர் மனத்தை அளக்கட்டும். அன்றும் ஒருவன் இணையவழி வகுப்பு வேண்டாம் என்றால், அது அவன் தேர்வு, அதை ஆராயலாம். இன்று அவன் வேண்டாம் என்பது தேர்வன்று, தீர்ப்பு! அவன்மீது எழுதப்படும் தீர்ப்பன்று, அவன் எழுதும் தீர்ப்பு. அதைப் படிக்கத் தெரியாதவர்கள், அவனுக்குப் படிப்புச் சொல்லித்தர வந்திருக்கிறார்கள்!